பாடிக்கா, முகத்துக்கா?

என் தங்கையைக் கட்டியவர் ஆஸ்பத்திரியில் பிண வண்டி ஓட்டுகிறார். அதே வண்டியில் பின்னால் ஏற்றி இறக்குகிறவன் நான். உறவுமுறைப்படி நான் அவரை 'மாப்பிள்ளை' என்று கூப்பிடப்போய், ஆஸ்பத்திரி மொத்தமும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. நர்ஸ் கூப்பிடுகிறார், வாட்ச்மேன் கூப்பிடுகிறார், சூப்பர்வைசரும் கூப்பிடுகிறார். பிணவறை வாசலில் யாராவது "மாப்பிள்ளை வந்தாச்சா? கெளம்பலாமா?" என்று கத்தினால், அழுதுகொண்டிருக்கும் சொந்தபந்தங்கள் ஒரு நிமிஷம் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். பத்தொன்பது வருஷமாக இந்தக் கூத்து நடக்கிறது.

வண்டி ஓட்டுவதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஹாரன் அடிக்க மாட்டார். குழியில் இறக்க மாட்டார். பின்னால் எத்தனை பேர் முட்டிக்கொண்டு நின்றாலும் வேகத்தைக் கூட்ட மாட்டார். "அவசரம் யாருக்கு மச்சான்?" என்பார். ஆனால் பத்தொன்பது வருஷத்தில் அவர் ஒரு பிணத்தைக்கூடப் பார்த்தது கிடையாது. பயம்! சீட்டை விட்டு இறங்க மாட்டார், பின்னால் திரும்ப மாட்டார், உள்கண்ணாடியைக்கூட வண்டிக் கூரையைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறார். சேர்ந்த முதல் வாரத்தில் போர்வைக்கு வெளியே ஒரு கால் தெரிந்ததற்கு மயங்கி விழுந்தார். அன்றைக்கு நான் ஸ்ட்ரெச்சரில் தூக்கியது இரண்டு பேரை.

எங்கள் வண்டியில் ஏசி உண்டு. ஆனால் அது பின்னால் இருக்கும் பெட்டிக்கு மட்டும். செத்தவருக்குக் குளுகுளு, ஓட்டுகிறவருக்கு வெயில். என்ன நியாயமோ, எவன் டிசைன் போட்டானோ! முன்பக்கத்தில் ஜன்னலைத் திறந்து வைக்காவிட்டால் நாங்களும் பின்பக்கம் போய்ச் சேரவேண்டியதுதான். பத்தொன்பது வருஷம் ஜன்னலில் கிடந்த மாப்பிள்ளையின் வலது கை ஒரு நிறம், இடது கை வேறு நிறம். இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டால் இரண்டு ஆட்கள் கும்பிடுகிற மாதிரி இருக்கும்.

அந்த வலது கைதான் போன கோடையில் சிவந்து, தடித்து, கொப்புளமாகக் கிளம்பியது. கழுத்திலும் ஏறி, கன்னத்துக்கு வந்தது. தோல் டாக்டர் பார்த்துவிட்டு வெயில் அலர்ஜி என்றார். முழுக்கைச் சட்டை போடச் சொன்னார்; எங்கள் யூனிஃபார்ம் அரைக்கை, சூப்பர்வைசர் சம்மதிக்கவில்லை. "அப்ப தினமும் சன்ஸ்க்ரீன் போடுங்க. கை, கழுத்து, முகம், வெயில் படற இடம் பூரா. ஒருநாள்கூட விடக்கூடாது. விட்டா இது ஆறாது," என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஆறாவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சங்கடம். எங்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை மெடிக்கல் உண்டு. அதற்கு நாற்பது நாள்தான் இருந்தது. தகுதித் தாளில் இரண்டு கையெழுத்து வேண்டும், ஒன்று டாக்டருடையது, ஒன்று சூப்பர்வைசருடையது. இரண்டில் ஒன்று விழாவிட்டாலும் டிரைவர் சீட்டு போய்விடும். சீட்டு போனவர்களுக்கு 'உள்வேலை' கொடுப்பார்கள். உள்வேலை என்றால் பிணவறைக்குள் உட்கார்ந்து, பிணம் வைக்கும் டிராயரை ஒவ்வொன்றாக இழுத்து, கால் கட்டைவிரலில் கட்டிய சீட்டைச் சரிபார்ப்பது. ஒரு நாளைக்கு மூன்று தடவை.

இதைக் கேட்டதும் என் தங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள். "அண்ணே, இவர அங்க உக்கார வெச்சா ஒரே வாரத்துல இவரையும் ஒரு டிராயர்ல போட்டுத்தான் குடுப்பாங்க." மாப்பிள்ளைக்கு ஐம்பத்தொரு வயது. வண்டி ஓட்டுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. அன்று மத்தியானமே என்னை இழுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனார்.

கடையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் நின்றாள். மாப்பிள்ளை டாக்டர் சீட்டை நீட்டினார்.

"சன்ஸ்க்ரீனா? பாடிக்கா சார், முகத்துக்கா?"

"பாடிக்கெல்லாம் வேணாம்மா," என்றார் மாப்பிள்ளை. "அது பின்னாடி பெட்டிக்குள்ள இருக்கும். வெயிலே படாது. ஏசி வேற ஓடும்."

அந்தப் பெண் சிரித்தாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் விளையாடவில்லை என்று தெரிந்தது. கடைக் கதவு வழியே வெளியே நின்ற எங்கள் வண்டியைப் பார்த்தாள். கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

"இப்ப... வண்டியில இருக்கா சார்?"

"இல்லம்மா. மூணு மணிக்குத்தான் ஏத்தணும். இப்ப காலி."

எனக்கு மானம் போயிற்று. "மாப்ள, பாடின்னா உடம்பு. உங்க உடம்பு. கை, கால்."

"என் உடம்ப எதுக்கு மச்சான் பாடிங்கிறாங்க?" அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் இன்னும் உசுரோடதானே நிக்கிறேன்?"

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் தொழிலில் பாடி என்றால் ஒரே அர்த்தம்தான். 'பாடி ஏத்தியாச்சா', 'பாடிக்கு ஆள் வந்தாச்சா', அவ்வளவுதான். லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை போர்டைக் கண்டாலே மாப்பிள்ளை தலையைத் திருப்பிக்கொள்வார். இப்போது அந்தப் பெண் எடுத்து வைத்த டியூபிலும் கொட்டை எழுத்தில் அதே வார்த்தை. தொடாமல் நின்றார்.

"ஐம்பதுன்னு வேற போட்டிருக்கு. எனக்கு ஐம்பத்தொண்ணு ஆயிருச்சேம்மா."

"அது வயசு இல்ல சார்! வெயிலத் தடுக்குற அளவு." அவளும் பாவம், பொறுமைசாலி. "இது உடம்புக்கு. பெரிய டியூபு, நிறைய பூசலாம். முகத்துக்குத் தனியா சின்னது இருக்கு, கண்ணு எரியாது. ரெண்டும் எடுத்துக்கறீங்களா?"

"ஒரே ஆளுக்கு ரெண்டா? என்னம்மா, நான் என்ன ரெண்டு பேரா?" என்று பெரிய டியூபை மட்டும் வாங்கினார். நான் அவருடைய இரண்டு கைகளையும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கழுத்து, கை, முகம் எல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர். குளியலறைக் கதவில் மாட்டிய கண்ணாடியில் முகத்தில் பாதிதான் தெரியும். மீதிக்குக் குத்துமதிப்பாகப் பூசியிருக்கிறார். "தேச்சா உள்ள போயிடும்னு போட்டிருக்கு மச்சான், போகவே மாட்டேங்குது," என்றார். தேய்த்தோம். போகவில்லை. நேரமாகிவிட்டது என்று அப்படியே கிளம்பினோம்.

அன்று போன வீட்டில் நான் பின்கதவைத் திறந்து வேலையில் இருந்தேன். மாப்பிள்ளை வழக்கம்போல சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பார்வை மங்கிய ஒரு பெரியம்மாவை யாரோ கைத்தாங்கலாகக் கூட்டிவந்து வண்டிக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அந்தம்மா தடவிக்கொண்டே முன்பக்க ஜன்னலுக்கு வந்து, மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "ஐயோ, தூங்குற மாதிரியே இருக்கியேப்பா!" என்று வெடித்து அழுதார்கள். மாப்பிள்ளை கண்ணைத் திறந்தார். அப்புறம் அந்தம்மாவை ஃபேனுக்கு அடியில் படுக்க வைத்து, தண்ணீர் தெளித்து, கிளம்ப முக்கால் மணி நேரம் ஆனது.

அடுத்த டியூப் வெள்ளை அடிக்கவில்லை, ஆனால் பழ வாசனை. சாதாரண வாசனை இல்லை, வண்டிக்குள் ஐந்து பேர் பழம் உரித்துத் தின்றது போல. ஒரு வீட்டில் மூத்த மருமகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டிரைவர் என்ன, விசேஷத்துக்கு வந்திருக்காரா?" என்று கேட்டார். அந்த டியூபை என் தங்கை எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஸ்ப்ரே. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் அடி வாங்கப் போனது நான். பெட்டியை ஏற்றிவிட்டு நான் கதவைச் சாத்துகிறேன், முன்னால் மாப்பிள்ளை கையில் 'புஸ்ஸ்' என்று அடித்துக்கொள்கிறார், காற்றில் அது பின்பக்கம் வந்துவிட்டது. செத்தவரின் மகன் என் சட்டையைப் பிடித்தார். "எங்கப்பா என்ன நாறுறாரா? செண்ட் அடிக்கிறீங்களா?" நான் வெயில், அலர்ஜி, டாக்டர் சீட்டு என்று என்னென்னமோ சொல்லிப் பார்த்தேன். சட்டைப் பட்டன் இரண்டு போனதுதான் மிச்சம். மாப்பிள்ளை சீட்டை விட்டு இறங்கி வரவில்லை. பின்பக்கம் வந்தால் பெட்டி தெரியுமே! நல்ல மனுஷன்தான், ஆனால் சில நேரம் அவரைத் தூக்கிப் போட்டு மிதிக்கலாம் போல இருக்கும்.

இப்படியாக என் தங்கை வீட்டு ஃப்ரிட்ஜ் மேல், சாவிக்கொத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவில், எட்டு டியூபுகள் சேர்ந்துவிட்டன. ஒன்று பிசுபிசுத்தது, ஸ்டியரிங் வழுக்கியது. ஒன்றைப் பூசினால் ஈ ஒட்டியது. ஒன்பதாவதுதான் கடைசியில் அமைந்தது. வாசனை இல்லை, வெள்ளை இல்லை, பளபளப்பு இல்லை. பூசினால் பூசியதே தெரியாது. ஒரே வாரத்தில் கொப்புளம் அடங்க ஆரம்பித்தது. மாப்பிள்ளை டியூபைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாடின்னு போட்டிருந்தா போட்டுட்டுப் போகட்டும் மச்சான். இதான் நம்ம சீட்டக் காப்பாத்தப் போவுது."

அந்த ஒன்பதாவது டியூபில் ஒரே ஒரு குறை இருந்தது. வேர்வையோடு சேர்ந்து கண்ணுக்குள் போனால் எரியும். எரியும் என்றால் அப்படி இப்படி எரிச்சல் இல்லை. கண் இரண்டும் குழாய் மாதிரி கொட்டும். மாப்பிள்ளைக்கோ முழங்கையை மடக்கி நெற்றியைத் துடைக்கிற பழக்கம். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை துடைப்பார், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கண் கொட்டும்.

முதல் தடவை அதைப் பார்த்தது, அப்பாவைப் பறிகொடுத்த மூன்று அக்கா தங்கைகளில் கடைசிப் பெண். முன் சீட்டில் எங்களோடு வந்தாள். மாப்பிள்ளையின் கன்னத்தில் தாரை தாரையாக வழிவதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, எங்கப்பாவ உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். மாப்பிள்ளைக்குப் பதில் சொல்ல முடியவில்லை, தொண்டை வரைக்கும் எரிச்சல். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் பெண் என் தோளில் சாய்ந்து அழுதாள். இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் வந்தது. 'முன்பின் தெரியாத எங்கள் தந்தைக்காகக் கண்ணீர் விட்ட அந்த உத்தமருக்கு நன்றி.'

சூப்பர்வைசர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். அவர் இருபது வருஷ சர்வீஸில் பிண வண்டிக்கு நன்றிக் கடிதம் வந்தது அதுதான் முதல் தடவை. அப்புறம் இன்னொன்று வந்தது. அப்புறம் ஃபோன் வர ஆரம்பித்தது. "அந்த அழுற டிரைவர் இருக்காரே, அவர அனுப்புங்க." இரண்டாவது வண்டி டிரைவருக்குப் பொறாமை தாங்கவில்லை, கண்ணுக்குக் கீழே தைலம் தடவிக்கொண்டு போய், ஒரு வளைவில் மதில் சுவரில் இடித்தார். சூப்பர்வைசர் ரிஜிஸ்டரில் புதிதாக ஒரு கட்டம் போட்டார். 'டிரைவர் அழுதாரா? ஆம் / இல்லை.' ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஃபோன் போட்டு விசாரித்து, டிக் அடித்தார். நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், பச்சை மையில் டிக் அடித்தார்.

வீட்டில் என் தங்கை வேறு கொதித்தாள். "எங்கப்பா போனப்ப இவர்தானே ஓட்டிட்டுப் போனாரு, ஒரு சொட்டு வந்துச்சாண்ணே? ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் வாளி வாளியா வருது!"

"அது அழுகை இல்லடி, எரிச்சல்," என்றார் மாப்பிள்ளை.

"எரிச்சலா? என் அப்பா மேல என்ன எரிச்சல் உங்களுக்கு?"

அன்று அவருக்கு யாரும் சாப்பாடு எடுத்து வைக்கவில்லை. நானும் சும்மாதான் இருந்தேன். எனக்கும் அவர் அப்பாதானே.

மாப்பிள்ளைக்கு இந்தப் புகழ் பிடிக்கவில்லை. வண்டியில் போகும்போது திடீரென்று சொல்வார். "மச்சான், நேத்து ஒரு அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டுக் கும்பிட்டாங்க. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு மாதிரி ஆயிருச்சு. இது மோசடி இல்லையா?" அதைவிடப் பெரிய பயம், கண் கொட்டும்போது ரோடு தெரிவதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து "லெஃப்ட்ல சைக்கிள், முன்னாடி ஆட்டோ" என்று சொல்லிக்கொண்டே வருவேன். கடைசியில் அவரே மருந்துக் கடைக்குப் போய், முகத்துக்கான கண்ணெரியாத சின்ன டியூபை வாங்கிவந்தார். கைக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று, துடைக்க ஒரு துண்டு. பிரச்சினை தீர்ந்தது. ஒருநாள் பூராவும் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

மறுநாள் சூப்பர்வைசர் எங்களைக் கூப்பிட்டார். ரிஜிஸ்டர் திறந்திருந்தது. 'இல்லை', 'இல்லை', 'இல்லை' என்று மூன்று சிவப்பு டிக்.

"என்ன மாப்பிள்ளை, உடம்பு சரியில்லையா?"

மாப்பிள்ளை உள்ளதை உள்ளபடி சொன்னார். டியூபை எடுத்துக் காட்டினார். சூப்பர்வைசர் கேட்டுக்கொண்டார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இத என்கிட்ட சொன்னீங்க, சரி. வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஜனங்க ஆசைப்பட்டுக் கேக்குறாங்க. கண்ணு எரிஞ்சா எரியட்டும், என்ன கெட்டுப்போச்சு? மெடிக்கலுக்கு எத்தனை நாள் இருக்கு?"

"பதினஞ்சு நாள் சார்."

"ம். டாக்டர் கையெழுத்த உங்க கை பாத்துக்கும். என் கையெழுத்த உங்க கண்ணு பாத்துக்கணும்."

வெளியே வந்து மாப்பிள்ளை வண்டியின் படியில் உட்கார்ந்தார். எதிரே பிணவறைக் கதவு பாதி திறந்திருந்தது. அந்த இடைவெளியில் டிராயர் கைப்பிடிகள் வரிசையாகத் தெரிந்தன. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சின்ன டியூபை டேஷ்போர்டுக்குள் போட்டுப் பூட்டினார். மறுபடி பெரிய டியூபையே முகத்துக்கும் பூச ஆரம்பித்தார். நான் தடுக்கவில்லை. எனக்கு அவர் சீட்டு முக்கியம், என் தங்கை முக்கியம். ஊரார் ஏமாந்தால் எனக்கென்ன என்றுதான் நினைத்தேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

மெடிக்கலுக்கு முதல்நாள் உச்சி வெயிலில் ஒரு வீடு. எழுபது வயது அம்மா, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து போய்ச் சேர்ந்தவர். ஒரே மகன், நாற்பது வயதிருக்கும், எலக்ட்ரீஷியன். சட்டைப் பையில் டெஸ்டர்கூட அப்படியே இருந்தது. அவர் சித்தி வாசலிலேயே என்னை நிறுத்தி, "அழுற டிரைவர்தானே வந்திருக்காரு? நான் அவரத்தான் கேட்டேன்," என்று உறுதி செய்துகொண்டார். மகன் கண்ணில் துளி ஈரம் இல்லை. கையெழுத்துப் போட்டார், நாற்காலி எடுத்துப் போட்டார், எங்கள் பெட்டியின் பிளக் ஆடுகிறது என்று அதைக்கூடச் சரிசெய்தார். சித்தி எல்லாருக்கும் கேட்கும்படி, "பெத்தவ போயிட்டா, இவன் ஒயரப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். கல்லு," என்றார். மகனுக்கு அது கேட்டது. ஒயரைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

மயானத்துக்குக் கிளம்பினோம். ஓட்டுவது மாப்பிள்ளை, நடுவில் நான், ஜன்னலோரம் மகன். சொந்தக்காரர்கள் பின்னால் ஒரு வேனில் வந்தார்கள். பாலம் ஏறி இறங்கும்போது மாப்பிள்ளை நெற்றியைத் துடைத்தார். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அவர் கண் இரண்டும் மூடிக்கொண்டன.

"மச்சான், முன்னாடி என்ன?"

"பஸ்! பிரேக்கப் போடுங்க!"

பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருந்தால் அதிகம். பின்னால் பெட்டி நகர்ந்து சுவரில் இடிக்கிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தார். பத்தொன்பது வருஷத்தில் அவர் அப்படிப் பிரேக் போட்டதே இல்லை. கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது.

"பரவால்லண்ணே," என்றார் மகன். "அழுதுட்டே கெளம்புங்க, மெதுவா போலாம்." பையிலிருந்த டெஸ்டரைத் தடவிக்கொண்டே மறுபடி பேசினார். "எங்கம்மாவ நீங்க பாத்ததுகூட இல்ல. நீங்க அழுறீங்க. எனக்கு வரவே மாட்டேங்குதுண்ணே. நானும் நெனச்சு நெனச்சுப் பாக்குறேன். ஆஸ்பத்திரியிலயும் வரல, வீட்லயும் வரல. நான் என்ன ஜென்மம்னே தெரியல."

நான் மாப்பிள்ளையின் விலாவில் முழங்கையால் இடித்தேன். வாயைத் திறக்காதீர்கள், நாளைக்கு மெடிக்கல். அவருக்கு அது புரிந்தது. புரிந்தும் பேசினார்.

"தம்பி, நீங்க உங்களத் திட்டிக்காதீங்க. இது அழுகையே இல்ல. வெயிலுக்குப் பூசுறது. வேர்வையில கண்ணுக்குள்ள போயிருச்சு, எரியுது. இத்தனை நாளா இதான் நடக்குது. இன்னிக்கு உங்கம்மாவ வெச்சுக்கிட்டு பஸ்ல மோதியிருப்பேன். என்ன மன்னிச்சிருங்க."

டியூபை எடுத்துக் கையில் கொடுத்தார். மகன் அதில் எழுதியிருப்பதைப் படித்தார். ஒருமுறை எங்களைப் பார்த்தார், ஒருமுறை பின்பக்கம் பார்த்தார். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார். "எங்க சித்தி, அண்ணே... உங்களுக்காக எத்தனை ஃபோன் போட்டாங்க தெரியுமா... வேற டிரைவர்னா அக்காவ அனுப்பவே மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னாங்க..." எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டே சிரித்தார். பிண வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு மூன்று ஆண்பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறோம். பின்னால் வேனிலிருந்து யாரோ என்னவென்று கேட்டார்கள். நான் தலையை நீட்டி, "இஞ்சின் சூடாயிருச்சு, ரெண்டு நிமிஷம்!" என்று கத்தினேன்.

சிரிப்பு அடங்கியதும் மகன் டியூபைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"எனக்குக் கொஞ்சம் குடுங்கண்ணே."

"கண்ணு எரியும் தம்பி."

"எரியட்டும். அங்க போய் எறங்கினதும் எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க. எங்கம்மாவுக்காக இதாவது பண்றேன்."

அவர் கெஞ்சியதைக் கேட்க எனக்கே பொறுக்கவில்லை. மாப்பிள்ளை டியூபை வாங்கி, ஒரு பொட்டு அளவு பிதுக்கி அவர் விரலில் வைத்தார். அவர் இரண்டு கண்ணுக்கும் கீழே இழுத்துக்கொண்டார். அரை நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் "ஸ்ஸ்ஸ், ஐயோ" என்று இரண்டு கையாலும் கண்ணைக் கசக்க ஆரம்பித்தார்.

"தேய்க்காதீங்க தம்பி!" மாப்பிள்ளை பதறிப்போய்க் கத்தினார். "தேய்க்காதீங்க, தேய்க்காதீங்க. தேய்ச்சா இன்னும் எரியும்."

மகன் கை அப்படியே நின்றுவிட்டது.

"எங்கம்மா இதேதான் சொல்லும்," என்றார். "சின்ன வயசுல குளிப்பாட்டும்போது சோப்பு கண்ணுல போயிரும். தேய்க்காதடா, தேய்க்காதடான்னு கத்தும். துணியச் சுருட்டி, வாயில வெச்சு ஊதி, சூடா கண்ணுல வெச்சு ஒத்தும்... இப்ப போயிருச்சா, இப்ப போயிருச்சான்னு கேட்டுக்கிட்டே..."

கண் இரண்டும் கொட்ட ஆரம்பித்தன. மாப்பிள்ளை இறங்கி, முன்பக்கமாகச் சுற்றிவந்து, கதவைத் திறந்து, பாட்டில் தண்ணீரால் அவர் கண் இரண்டையும் கழுவிவிட்டார். நன்றாகத்தான் கழுவினார், ஒரு பாட்டில் முழுசும் காலி. துண்டால் ஒற்றியும் எடுத்தார். அழுகை நிற்கவில்லை. உடம்பு குலுங்கிக் குலுங்கி, "அம்மா, அம்மா" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். மாப்பிள்ளை காலிப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மச்சான், எல்லாம் போயிருச்சே. இன்னும் ஏன்...?"

"மாப்ள, இது அது இல்ல. வண்டிய எடுங்க," என்றேன். எங்கள் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

மறுநாள் காலை டாக்டர் மாப்பிள்ளையின் கையைத் திருப்பிப் பார்த்து, அழுத்திப் பார்த்து, தாளில் கையெழுத்துப் போட்டார். கை சுத்தமாக ஆறியிருந்தது. தாளை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசர் அறைக்குப் போனோம். மாப்பிள்ளை வேர்க்க விறுவிறுக்க நின்றார். முகத்தில் அன்றைக்குச் சின்ன டியூப்; துண்டும் தோளில் இருந்தது. அவர் காலையிலேயே முடிவு செய்துவிட்டார், இனிமேல் கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுவதில்லை என்று. உள்வேலை கொடுத்தால் கொடுக்கட்டும், டிராயரைத் தொட்டு மயங்கி விழுந்தாலும் விழுந்துகொள்கிறேன் என்று என் தங்கையிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

நாங்கள் உள்ளே போனபோது அந்த எலக்ட்ரீஷியன் இறப்புச் சான்றிதழ் வாங்க வந்து நின்றுகொண்டிருந்தார். சூப்பர்வைசருக்கு ஃபோன் செலவு மிச்சம். ரிஜிஸ்டரை இழுத்து, பச்சைப் பேனாவைத் திறந்தார்.

"சார், ஒரு சின்ன விசாரணை. நேத்து எங்க டிரைவர் அழுதாரா?"

எலக்ட்ரீஷியன் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தன் செருப்பைப் பார்த்தார்.

"இல்லைங்க," என்றார் எலக்ட்ரீஷியன். "அவர் அழல. நான்தான் அழுதேன்."

சூப்பர்வைசர் பேனாவைத் தூக்கியபடியே இருந்தார்.

"எங்கம்மா கடைசியா போன வண்டிய இவர்தான் ஓட்டுனாருங்க. யார் கேட்டாலும் இவரையே அனுப்புங்க," என்று சொல்லிக் கண்ணை ஒற்றிக்கொண்டார். "இன்னும் நிக்கலைங்க."

அதை எழுத ரிஜிஸ்டரில் கட்டம் இல்லை. சூப்பர்வைசர் ரிஜிஸ்டரை மூடி வைத்தார். பிறகு மாப்பிள்ளையின் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.